இன்ஸ்பெக்டர் அடிக்கோடிட்ட சொல்

மகள்,

நீ பதுளைக்குப் போய் இன்றோடு பதினெட்டு நாள். போர்டிங் அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போகும்போதே மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இருக்கிறது என்றாய். இருந்தும் போன ஞாயிறு உன்னைப் பார்க்க வந்தபோது, நீ தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் பார்த்து, எழுந்துபோய் அதைப் போட்டுப் பார்த்தேன். உன் நியமனக் கடிதம் வந்த அன்றும் அப்படித்தான், வெளிச்சத்தில் பிடித்து முத்திரை அசல்தானா என்று பார்த்தேன். "எங்கப்பா யாரையும் நம்ப மாட்டார்" என்று உன் அறைத்தோழியிடம் சொல்லிச் சிரித்தாய். அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. அடுத்து அவளுக்கு யோகநாதன் மாஸ்டரின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாய். அப்பா இங்கிலீஷில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதிக் கொடுத்ததால் ஒரு மனுஷன் நாலு மாதம் உள்ளே இருந்தார் என்று. அந்தப் பிள்ளையும் சிரித்தது, நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். நான் பதினான்கு வருடமாக அந்தக் கதைக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா அந்தக் கதைக்கு ஒருநாளும் சிரித்ததில்லை என்பதை நீ கவனித்திருக்கிறாயோ தெரியாது.

இப்போது நீ கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். ஒருவர் தமிழில் சொல்வதை நீ சிங்களத்தில் சொல்வாய், ஆங்கிலத்தில் எழுதுவாய். அதைக் கேட்டுவிட்டு யாரோ ஒருவரை வீட்டுக்கு அனுப்புவார்கள், அல்லது அனுப்பமாட்டார்கள். அப்படி ஒரு வேலையில் இருக்கிறவள் இந்தக் கதையைப் பிழையாகச் சொல்லித் திரியக்கூடாது. நீ வேண்டுமென்று பிழையாகச் சொல்லவில்லை. உனக்குச் சொல்லப்பட்டதே பிழை. சரியானதை எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாமல் வாசி.

யோகநாதன் மாஸ்டர் எங்கள் பாடசாலைக்கு வந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு வாத்தியார், முப்பத்தைந்து வயதிருக்கும். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வெளியூர் வாத்தியார்கள் வந்தால் ஒரு பாடசாலைத் தவணை முடிவதற்குள் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவர் தானாகக் கேட்டு வந்ததாகச் சொன்னார்கள். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இங்கே யார் கேட்டு வருவார்கள்? தங்க இடமில்லை என்று பாடசாலை அதிபர் என்னிடம் சொன்னார். எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையைக் கொடுத்தோம். ஒரு ட்ரங்குப் பெட்டியோடு வந்தார். அதற்கு இரண்டு பூட்டு. சாவி இரண்டையும் அரைஞாணில் கட்டியிருந்தார், குளிக்கும்போதும் அவிழ்க்கமாட்டார். தபாலை எல்லோரையும் போலத் தோட்டத்து ஒபிசில் கொடுக்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் லுணுகலை வரை போய்ப் போட்டுவிட்டு வருவார். பாதையில் வாகனச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்துவார், சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஆரம்பத்தில் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். தோட்டத்து ஆட்கள் வீட்டில் குடிக்கக் கூச்சமாக்கும் என்று நான் நினைத்தேன். சாதி பார்க்கிறான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "கொதிக்க வச்ச தண்ணி இருக்குன்னு சொல்லுங்க, குடிப்பாரு" என்றாள் அவள். சொன்னேன், குடித்தார். அப்போதும் என் மனம் ஆறவில்லை.

நான் பார்த்ததை எல்லாம் அவரும் என்னிடம் பார்த்திருப்பார். எங்கே போகிறீர்கள் என்று நான் அடிக்கடி கேட்பேன். அவர் ஒரே பதிலை ஒரே சொற்களில் சொல்வார். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு இருந்தோம். நீயும் உன் அம்மாவும்தான் அவரோடு சாதாரணமாக இருந்தீர்கள். பின்னேரங்களில் நீ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பெருக்கல் கணக்குப் போடுவாய். அதுவரை என்னிடம்தான் கணக்குக் கேட்பாய். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், விட்டுவிட்டால் மறைத்ததாகிவிடும்.

எங்கள் பாடசாலைக் கட்டிடம் உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரே நீள மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு கரும்பலகைதான் சுவர். ஒருநாள் பத்தாம் வகுப்புக்கு நான் பண்புச்சொற்கள் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 'சஸ்பிஷஸ்' என்று பலகையில் எழுதி, சந்தேகத்துக்கு இடமான என்று அர்த்தம் சொன்னேன். ஒரு பிள்ளை எழுந்து, "சேர், அப்ப 'நான் சஸ்பிஷஸ்'னு சொன்னா நான்தான் கள்ளனா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். பலகைக்கு அந்தப்பக்கம் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த யோகநாதன் மாஸ்டர் தலையை நீட்டி, "மாஸ்டர், மற்ற அர்த்தமும் ஒண்டு இருக்கெல்லோ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், குத்திக்காட்டும் குரலில்லை. ஆனால் இரண்டு வகுப்பும் கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பதினாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன். என்னைக் கணக்கு வாத்தியார் திருத்தினார்.

அன்று பின்னேரம் அவரே வந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி என் முன்னால் உட்கார்ந்தார். உன் அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். "மாஸ்டர், அது ஒரு வில்லங்கமான சொல்லு" என்று விளக்கத் தொடங்கினார். "நாய் சஸ்பிஷஸ் எண்டால் நாய் ஆரையோ சந்தேகப்படுது. றோட்டில கிடக்கிற பார்சல் சஸ்பிஷஸ் எண்டால் பார்சலில எங்களுக்குச் சந்தேகம். நாயிலயும் பார்சலிலயும் குழப்பம் வராது. மனுசனுக்குச் சொன்னால்தான் வரும். சந்தேகப்படுறவனுக்கும் அதே சொல்லு, சந்தேகத்தில பிடிபடுறவனுக்கும் அதே சொல்லு." பிறகு, பின்னால் 'ஒஃப்' என்ற சிறு சொல்லைச் சேர்த்து யாரை, எதை என்று எழுதிவிட்டால் தப்பிக்கலாம் என்றார். 'புதியவர்களைக் கண்டால் சஸ்பிஷஸ்' என்று எழுதினால் அவன் எச்சரிக்கையானவன், அவ்வளவுதான். 'ஒஃப்' இல்லாமல் மொட்டையாக விட்டால் வாசிக்கிறவன் தன் மனதில் உள்ளபடி எடுத்துக்கொள்வான். நான் தலையாட்டினேன். நன்றாகப் புரிந்தது. இந்த இடத்தை, மகள், நீ மறக்கக்கூடாது. அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தத்தையும் எனக்கு விளக்கியவர் யோகநாதன் மாஸ்டர்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். அது யுத்த காலம், மலைக்குக் கீழே பாதையில் ஏதோ கண்டெடுத்தார்கள் என்று பேச்சு அடிபட்டது. என்னவென்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது, ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்தக் கிழமை ஒருநாள் இடைவேளை நேரம் ஜீப் ஒன்று பாடசாலைக்கு வந்து யோகநாதன் மாஸ்டரை ஏற்றிக்கொண்டு போனது. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். போகிற வழியில் நம் வீட்டில் நிறுத்தி ட்ரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். உன் அம்மா வாசலில் நின்று பார்த்தாளாம். அடுத்த நாள் எனக்குத் தகவல் வந்தது, அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர் வரவேண்டும் என்று. எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதமாட்டேன். அங்கே இப்போது வேறு ஆட்கள் இருப்பார்கள்.

பஸ்ஸில் போகும்போது எனக்கு இருந்த ஒரே யோசனை நீங்கள் இரண்டு பேரும்தான். வெளியாளை வீட்டில் வைத்திருந்தவன் என்று என்னையும் உள்ளே போட்டால் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? இது பொய்யில்லை, உண்மையாகவே பயந்தேன். ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் உட்கார்ந்திருந்தது. நான் முதலிலிருந்தே சந்தேகப்பட்டேனே, பார்த்தாயா, என்று ஒரு திருப்தி. அதை அப்போது திருப்தி என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்ஸ்பெக்டர் சிங்களவர், இளம் வயது, மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார். எனக்குச் சிங்களம் எழுத வராது, அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் ஒரு தாளைத் தள்ளி, "மாஸ்டர், நீங்கள் ஆங்கில வாத்தியார்தானே, இந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று நாலு வரி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள், ஃபைலில் போடவேண்டும்" என்று ஆங்கிலத்திலேயே சொன்னார். எழுதினேன். ஏழு மாதமாக எங்கள் வீட்டில் இருக்கிறார், நேரத்துக்குப் பாடசாலைக்குப் போவார், குடிப்பழக்கம் இல்லை. கடைசி வரியில் பேனா நின்றது. அவர் நல்லவர் என்று எழுதினால், நாளைக்கு அவர் அப்படி இல்லை என்று ஆனால், நான் மாட்டிக்கொள்வேன். கெட்டவர் என்று எழுத எனக்கு ஒரு காரணமும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இருந்தது. அவர் அமைதியான, சஸ்பிஷஸ் ஆன மனிதர் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். 'ஒஃப்' போடவில்லை. போடுவதற்கு வரியில் இடம் இருந்தது. அவர் குற்றவாளி என்று வந்தால் நான் முன்பே எழுதிக் கொடுத்தவன். நிரபராதி என்று வந்தால், எதிலும் எச்சரிக்கையான மனிதர் என்றுதான் எழுதினேன். எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்கு அடிபடாது. இவ்வளவையும் அந்த ஒரு நிமிடத்தில் யோசித்தேன், மகள். தெரியாமல் எழுதியவனுக்கு இவ்வளவு யோசனை வராது.

அதோடும் முடியவில்லை. இன்ஸ்பெக்டர் வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லில் விரலை வைத்து, "இந்தச் சொல் சரியா, மாஸ்டர்?" என்று கேட்டார். அவர் அதைச் சந்தேகத்தோடு கேட்டாரா, எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துக் கேட்டாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கையை நீட்டி அந்தத் தாளை வாங்கி, இரண்டு சொல் சேர்த்திருக்கலாம். "சரி சேர்" என்றேன். அவர் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து அதன் கீழே கோடு போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்டாள். "என்னங்க எழுதிக் குடுத்தீங்க?"

"நல்லதாத்தான் எழுதினேன்."

"நல்லதுன்னா என்னான்னு?"

"அமைதியான ஆளுன்னு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். பார்க்க விடவில்லை. அதற்கடுத்த நாளும் போனாள். மூன்றாம் நாள் அவரை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கொண்டுபோன சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டு, அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை.

நான் இன்னொரு கடிதம் எழுதினேன். இந்த முறை ஒன்றையும் மொட்டையாக விடாமல், தெளிவாக எழுதினேன். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்து கேட் வரை போனேன். முதலில் ஒன்று எழுதி இப்போது ஏன் இன்னொன்று என்று கேட்டால் என்ன சொல்வது என்று அங்கே நின்று யோசித்தேன். பிறகு எதிர்க்கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அந்தக் கடிதத்தை வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டேன்.

உன் அம்மாதான் லயம் லயமாக, வீடு வீடாகப் போனாள். பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் கையெழுத்து வாங்கினாள், எழுதத் தெரியாதவர்களிடம் பெருவிரல் ரேகை வாங்கினாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் போய் நின்று, மையில் தோய்த்த துணியோடு ஒவ்வொருவராகப் பிடித்தாள். மனுவை ஆங்கிலத்தில் எழுதித் தரச்சொல்லி என்னிடம் கேட்டாள். அதிபர் எழுதினால் எடுபடும் என்று தட்டிக்கழித்தேன். அதிபர் எழுதி, வரவுப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு நேரே போனார். அங்கே ஃபைலைத் திறந்து என் கடிதத்தைக் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்த அதிபர் நம் வீட்டு வாசலிலேயே நின்று தலையில் கையை வைத்துக்கொண்டார். "என்ன மாஸ்டர் இப்படி எழுதிட்டீங்க! அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

நான் தலையைக் குனிந்தேன். உன் அம்மா பின்னால் நின்றாள். நீ அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நீ இன்றைக்குச் சொல்லித் திரிகிற கதை அந்த வாசலில்தான் பிறந்தது. நான் ஒரு பொய்யும் பேசவில்லை, அதிபரே கதையைக் கட்டிக் கையில் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். ஆங்கில வாத்தியாருக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நாலு மாதத்துக்குப் பிறகு விட்டார்கள். ஒரு குற்றச்சாட்டும் இல்லை. தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போக ஒரு காலையில் வந்தார். மெலிந்திருந்தார். யாராவது இடது பக்கத்திலிருந்து பேசினால் முழுதாகத் திரும்பி வலது காதைக் கொடுத்தார். எங்கே வைத்திருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ட்ரங்குப் பெட்டியை முன்பே திருப்பி அனுப்பியிருந்தார்கள், பூட்டு இரண்டும் உடைந்திருந்தன. அதற்குள் இருந்தவை அவருடைய படிப்புச் சான்றிதழ்கள், ஊரில் விட்டுவிட்டு வந்த வீட்டின் உறுதிப் பத்திரம், எல்லா வகுப்புக்குமான தவணைப் பரீட்சைக் கேள்வித்தாள்கள். அதிபர் அவரிடம் பொறுப்புக் கொடுத்திருந்தாராம். வீட்டில் பாடசாலைப் பிள்ளை ஒன்று இருக்கிறது, அதனால் இரண்டு பூட்டு. அந்தப் பிள்ளை நீதான். லுணுகலைக்குப் போய்த் தபால் போட்டதும், தோட்டத்து ஒபிசில் அவருக்கு வந்த கடிதம் ஒன்று பிரித்து ஒட்டப்பட்டிருந்ததால்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன், ஏன் என்று கேட்கவே இல்லை.

அன்று அதிபரும் வந்திருந்தார். உன் அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் அவரிடம் நேராகக் கேட்டாள். "மாஸ்டர், இவருக்கு அந்த வார்த்தை தெரியலைன்னு எல்லாரும் சொல்றாங்க. நெசமாங்களா?"

எனக்கு அது தெரியும் என்று அறிந்த ஒரே ஆள் அவர்தான். கிளாஸை வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற உன்னைப் பார்த்தார். "ஓம் அக்கா. அது கஷ்டமான சொல்லு. படிச்ச ஆக்களுக்கும் பிழைக்கும்" என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை நான் கூடப் போனேன். பஸ் வளைவில் வந்தபோது, "மாஸ்டர், ரொம்ப நன்றிங்க" என்றேன். அவர் வலது காதைத் திருப்பி என்னை இன்னொரு முறை சொல்லவைத்தார். கேட்கவில்லையா, இரண்டாம் முறை சொல்லட்டும் என்று செய்தாரா, எனக்குத் தெரியாது. இன்னொரு முறையும் சொன்னேன். "நான் உங்களுக்காகச் சொல்லேல்ல" என்றார். "அந்தப் பிள்ளை உங்கட வீட்டிலதானே வளரவேணும். அதுக்காகச் சொன்னனான்." பஸ்ஸில் ஏறினார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. வெலிமடையில் ஒரு பாடசாலையில் இருப்பதாக ஒருவர் சொன்னார், கனடா போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் வெலிமடைக்குப் போய் விசாரித்தேன். அப்படி ஒருவர் அங்கே வேலை செய்ததே இல்லை என்றார்கள்.

ஆகவே, மகள், அவர் சொன்ன பொய் உன்னுடையது. நீ வளரும்வரை அது இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார். நீ வளர்ந்துவிட்டாய். இனி அதை உன்னிடம் விட்டுவைக்க எனக்கு உரிமையில்லை. உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். கோர்ட்டில் ஒரு சொல் உன் கையில் இரண்டு பக்கமும் சாய்கிறபோது, அது இரண்டு பக்கமும் சாய்கிறது என்பதை வாய்விட்டுச் சொல். ஐயா, இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது, எது என்று அவரிடமே கேளுங்கள் என்று சொல். உனக்கு ஆங்கிலம் போதாது என்று யாராவது முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அது யோகநாதன் மாஸ்டரைக் காப்பாற்றவில்லை. அன்றிலிருந்து நான் எல்லாத் தாழ்ப்பாளையும் போட்டுப் பார்க்கிறேன், எல்லா முத்திரையையும் வெளிச்சத்தில் பிடிக்கிறேன். நான் மற்றவர்களைச் சந்தேகப்படுவதாக நீ நினைக்கிறாய். ஒரு தாளில் நாலு வரி எழுதச் சொன்னால் நானே என்ன எழுதுவேன் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களும் என்னைப்போல இருந்தால் என்ன செய்வது என்பதுதான் என் பயம்.

உன் அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. பல நாள் வாய்வரை வந்திருக்கிறது. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், பிறகு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவேன். நாளைக்கு அவள் உன்னைப் பார்க்க வருகிறாள். இந்தக் கடிதத்தை உறைக்குள் போட்டு, ஒட்டாமல் அவள் கையில் கொடுக்கப்போகிறேன். லுணுகலையிலிருந்து பதுளைக்கு இரண்டு மணித்தியாலப் பயணம். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் வாசித்து முடித்துவிடுவாள். வாசிக்காமலும் கொண்டுவருவாள், அவள் அப்படிப்பட்டவள்தான். நீ இதை வாசிக்கும்போது அவள் உனக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். வாசித்தீங்களா என்று கேட்காதே, முகத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். வாசிக்கவில்லை என்றால், அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல். அவள் என்ன சொன்னாலும் அதை எனக்கு எழுது. எனக்கு நோகும் என்று பார்க்காதே. அவள் ஒன்றுமே சொல்லாவிட்டால் அதையும் எழுது.

அப்பா